கூண்டு ஏறினால் கணக்கு நிற்குமா?

கேள்வி: ஐயா, நான் ராயபுரத்தில் உரம் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன வடகிழக்குப் பருவமழையின்போது எங்களுக்கு 33,000 டன் பொட்டாஷ் ஏற்றிய கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. நாளொன்றுக்கு 3,000 டன் வீதம் 11 நாளில் இறக்கிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ‘வெதர் வொர்க்கிங் டே, தொடர்ச்சியான 24 மணி நேரம், ஞாயிறும் விடுமுறையும் உட்பட’ என்று எழுதியிருக்கிறது. அதற்கு மேல் போனால் ஒரு நாளைக்கு 14,000 டாலர் டெமரேஜ்.

கப்பல் வெளியே நங்கூரம் போட்டு, ‘இறக்கத் தயார்’ என்று நோட்டீஸ் கொடுத்தது. பெர்த் காலியில்லை. 4 நாள் காத்திருந்தது. அதில் இரண்டு நாள் முழுக்க மழை. பிறகு பெர்த்தில் கட்டி 6 நாள் இறக்கினோம். இடையிடையே மழையால் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு நாள் வரும். அதற்குள் புயல் வந்துவிட்டது. 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது, பிறகு எண் கூடியது, கப்பலைக் கடலுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். 4 நாள் கழித்துத்தான் திரும்பியது. மறுபடி பெர்த்துக்கு ஒரு நாள் வரிசை. கட்டிய பிறகு 4 நாளில் முடித்தோம். அந்த நான்கில் முதல் நாள் சாலையெல்லாம் வெள்ளம், ஒரு லாரிகூட வரவில்லை. கடைசி நாளில் அரை நாள் மழை.

சரக்கை விற்றவர் மொத்தம் 19 நாளில் ஒரே ஒரு நாள் மழையைக் கழித்துவிட்டு, 7 நாளுக்கு 98,000 டாலர் பில் அனுப்பியிருக்கிறார். எங்கள் முதலாளியோ, “கூண்டு ஏத்தினதுலேர்ந்து எறக்கற வரைக்கும் ஒண்ணும் ஓடாது. இது கடவுள் செயல். ஒரு காசு தர மாட்டேன்” என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று: 3-ஆம் ஹோல்டில் கொஞ்சம் சரக்கு நனைந்து கட்டிதட்டிக் கிடந்தது. வரும் வழியில் கடல் கொந்தளிப்பு என்று கேப்டன் நோட்டரியிடம் புரோட்டஸ்ட் பதிந்துவிட்டார். இனி நஷ்டஈடு கேட்க முடியாதா?

— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: இரண்டு பேர் கணக்கும் தப்பு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் 3 நாளுக்குப் பணம் கட்ட வேண்டிவரும். ஏன் 7 இல்லை, ஏன் பூஜ்யமும் இல்லை என்பதைச் சொல்கிறேன்.

முதலில் கூண்டு. வடசென்னையில் பிறந்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; பேப்பரில் ‘எண்ணூர், சென்னைத் துறைமுகங்களில் கூண்டு’ என்று வந்தாலே காசிமேட்டில் படகுகள் கரையேறிவிடும். 1, 2 எண்கள் தூரக் கடலில் இருக்கும் ஆபத்துக்கு. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 என்றால் புயல் கடந்துபோகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருக்கிறது, 6 என்றால் வலப்பக்கம், 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ அருகிலேயோ கடக்கும். 8, 9, 10 இதையே கடும் புயலுக்குச் சொல்பவை. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று அர்த்தம். இவை எல்லாமே கப்பல்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை. உங்கள் ஒப்பந்தத்தில் கூண்டு என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. 3-ஆம் எண் கூண்டு தொங்கிக்கொண்டிருக்க, ராயபுரத்தில் வெயில் காய்ந்த நவம்பர் நாட்கள் எத்தனையோ உண்டு. கூண்டே இல்லாத ஆகஸ்டு மாலையில் இடியும் மழையும் சேர்ந்து வந்து நாலு மணி நேரம் ஹேட்ச் மூடிக் கிடந்ததும் உண்டு. முதல் வகை நாளில் கணக்கு ஓடும், இரண்டாவது வகை நேரத்தில் ஓடாது. முதலாளியின் முதல் வாதம் இதோடு முடிகிறது.

அப்படியானால் ஒப்பந்தம் எதைக் கேட்கிறது? வானிலை மோசமா என்று அது கேட்கவில்லை. இந்தச் சரக்கை, இந்தத் துறைமுகத்தில், இந்த நேரத்தில் இறக்குவதை வானிலை தடுத்ததா என்றுதான் கேட்கிறது. கப்பல் தொழில் அமைப்புகள் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட லேடைம் (சரக்கை ஏற்ற, இறக்க ஒப்பந்தம் தரும் கெடு) விளக்கங்களில் இது தெளிவாகவே இருக்கிறது: வானிலை வேலையைத் தடுத்த நேரமும், வேலை நடந்துகொண்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய நேரமும் கழியும். இந்த இரண்டாவது பாதிதான் உங்களுக்குப் பணம். அதை உங்களுக்கு விற்றவர் சௌகரியமாக மறந்துவிட்டார்.

சரக்கைப் பொறுத்து வானிலையும் மாறும் என்பதைக் கவனியுங்கள். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் அனல்மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரி ஒரு தூறலுக்கெல்லாம் நிற்காது. காற்று வேகம் எல்லை தாண்டினால்தான் அங்கே கிரேனை நிறுத்துவார்கள். அதே தூறலில் உங்கள் பொட்டாஷை இறக்க முடியாது, ஈரம் பட்டாலே கட்டிதட்டும். ஆகவே ‘அன்று எண்ணூரில் வேலை நடந்ததே’ என்று எதிர்த்தரப்பு சொன்னால் பயப்படாதீர்கள். அது கரிக்குச் சரி, உரத்துக்குச் சரியில்லை.

இனி உங்கள் நாட்களை வரிசையாகப் பார்ப்போம்.

நங்கூரத்தில் காத்திருந்த 4 நாள். “கப்பல் பெர்த்திலேயே இல்லை, மழை எதைத் தடுத்தது?” என்பது விற்றவரின் வாதமாக இருக்கும். கேட்க நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் 1957-இலேயே லண்டனில் நீதிபதி பியர்சன், வெதர் வொர்க்கிங் டே என்பது அந்த நாளின் தன்மையைப் பொறுத்தது, அன்று வேலை நடந்ததா இல்லையா என்பதைப் பொறுத்ததல்ல என்று சொல்லிவிட்டார். 1983-இல் ‘வோராஸ்’ என்ற கப்பலின் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அல்ஜீரியாவில் பெர்த்துக்காகக் காத்திருந்த கப்பல் அது. பெர்த்தில் வேறு கப்பல் நின்றாலும், அந்த வகைக் கப்பலில் வேலை செய்யவே முடியாத வானிலை இருந்த நேரம் கழியும் என்று தீர்ப்பாயிற்று. ஆக உங்கள் இரண்டு மழை நாளும் கழியும்.

நிரூபிப்பதுதான் கஷ்டம். கப்பல் வெளியே கிடந்ததால் அந்த இரண்டு நாளுக்கு உங்களிடம் எஸ்.ஓ.எஃப். (வேலை நடந்ததையும் நின்றதையும் மணிவாரியாக எழுதும் ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ்) பதிவு இருக்காது. கேப்டனின் லாக் புத்தகத்தில் ‘மழை’ என்று இருக்கலாம், ஆனால் நங்கூரமிட்ட இடத்து மழை வேறு, பெர்த் மழை வேறு. அதே இரண்டு நாளில் சென்னைத் துறைமுகத்துக்குள் உரமோ சர்க்கரையோ சிமென்டோ கையாண்ட வேறு கப்பல் எது என்று உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள். அந்தக் கப்பலின் எஸ்.ஓ.எஃப்.-இல் ‘மழையால் நிறுத்தம்’ என்று மணிக்கணக்கோடு இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கூடவே வானிலை ஆய்வு மையத்திடம் மணிவாரி மழை அளவை முறைப்படி விண்ணப்பித்து வாங்குங்கள். நுங்கம்பாக்கத்துக் கணக்கு மட்டும் போதாது. அங்கே கொட்டிக்கொண்டிருக்கையில் தண்டையார்பேட்டையில் தெருப் புழுதி பறக்கும் ஊர் இது. துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியிலேயே வானிலைத் துறையின் ரேடார் உட்கார்ந்திருக்கிறது. அதன் படங்களும் உதவும்.

ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் காத்திருந்தது பெர்த் இல்லாததாலா, அல்லது பெர்த் இருந்தும் கடல் மோசமாக இருந்து உள்ளே வர முடியாததாலா? இரண்டாவது என்றால் கதையே வேறு. ‘பெர்த்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோட்டீஸ் செல்லும்’ என்ற வாசகம், பெர்த் காலியில்லாத நிலைமைக்கு மட்டும்தான் என்று பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ‘கைஸிகோஸ்’ வழக்கில் சொன்னது. அங்கே ஹூஸ்டனில் பெர்த் தயாராக இருந்தது, மூடுபனிதான் தடுத்தது. கணக்கு தொடங்கவே இல்லை என்று ஆயிற்று. உங்கள் கடிதத்தில் பெர்த் காலியில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எனவே நோட்டீஸ் செல்லும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

பெர்த்தில் இருந்த 6 நாளில் ஒரு நாள் மழை. இதில் தகராறே இல்லை, அவரே கழித்துவிட்டார்.

அடுத்து, கடலுக்குப் போன 4 நாள். கடிதத்தில் மிகவும் கடினமான இடம் இதுதான், உங்கள் முதலாளிக்கு மிகவும் கோபம் வரப்போகும் இடமும் இதுதான். புயல் வந்தால் கப்பலை வெளியே அனுப்புவது சென்னைக்குப் புதிதல்ல. இது மனிதன் கட்டிய துறைமுகம். இயற்கையான ஒதுக்குப்புறம் எதுவும் இங்கே கிடையாது. மெட்ராஸைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை 1746 அக்டோபரில் இதே கடற்கரைக்கு முன்னால் புயல் சிதறடித்தது. ஏறக்குறையக் கட்டி முடித்திருந்த அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்துப்போட்டது. 2012 அக்டோபர் 31-இல் நீலம் புயலின்போது, சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘பிரதிபா காவேரி’ எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர்க் கரையோரம் வந்து தரைதட்டியது. படகில் இறங்கித் தப்பப் பார்த்த மாலுமிகள் சிலர் இறந்தார்கள். கரையருகே நிற்கும் கப்பலுக்கு என்ன ஆகும் என்பதை அதற்கு முன்பே அறிந்தவர்கள்தான் துறைமுக அதிகாரிகள். வெளியே போ என்று அவர்கள் சொன்னது சரிதான்.

ஆனால் அதை எதற்காகச் சொன்னார்கள்? கப்பலும் பெர்த்தும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக. சட்டம் இந்த இடத்தில் கத்திபோலப் பிரிக்கிறது. இதற்கு மிக நெருக்கமான வழக்கு நம் நாட்டில் முளைத்தது, லண்டனில் தீர்ந்தது. கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றில் பெரிய ஓத அலை ஏறிவரும் காலம். ஆபத்து என்று துறைமுக அதிகாரி ‘மரியா ஜி’ என்ற கப்பலைப் பெர்த்திலிருந்து விலக்கினார். கப்பலை எடுத்திருந்த இந்திய நிறுவனம், ‘இது வானிலை, எனவே நேரம் ஓடாது’ என்றது. 1958-இல் வெளியான தீர்ப்பில் நீதிபதி டெவ்லின் ஒப்பவில்லை. விலக்கு என்பது சரக்கு வேலையைத் தடுக்கும் வானிலைக்கு மட்டும். கப்பலின் பாதுகாப்புக்கு வந்த மிரட்டல் அந்த வாசகத்துக்குள் அடங்காது என்றார். எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்தத் தீர்ப்பு கறாரானது என்றே தோன்றுகிறது. இறக்க இடம் கொடுக்காமல் கப்பலை விரட்டிவிட்டு, இறக்கவில்லையே என்று வாங்குபவரிடம் காசு கேட்பது தெருவில் நியாயமாகப் படாது. ஆனாலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது நிற்கிறது. லண்டன் நடுவர்கள் அதைத்தான் எடுத்துப் படிப்பார்கள். மும்பையிலோ சென்னையிலோ உட்காரும் நடுவர்களும் கப்பல் விவகாரத்தில் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் பார்ப்பார்கள்.

அதற்காக 4 நாளையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வேலை நடந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய வானிலை என்ற அந்த இரண்டாம் பாதி இங்கேயும் உதவும். கப்பல் எங்கே இருந்தது என்பதை விடுங்கள். அந்த 4 நாளில் பெர்த்தில் என்ன வானிலை என்று மணிவாரியாகக் காட்டுங்கள். முதல் நாள், கப்பல் கயிறு அவிழ்த்துப் போகும்போது வானம் மப்பாக இருந்திருக்கும், மழை இருந்திருக்காது. புயல்கள் பெரும்பாலும் அப்படித்தான். அந்த நாள் ஓடும். நடுவில் இரண்டு நாள் மழையும் காற்றும். அவை கழியும். நான்காம் நாள் வெயில் அடித்திருக்கும், கப்பல் தூரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும். அதுவும் ஓடும். 2 கழிகிறது, 2 ஓடுகிறது என்று நான் எடுத்துக்கொண்டது ஒரு ஊகம்தான். உங்கள் வானிலைப் பதிவு வேறு மாதிரி சொன்னால் அதன்படி திருத்திக்கொள்ளுங்கள். புயல் எங்கே கரை கடந்தது என்பதை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். 2023-இல் மிக்ஜாம் ஆந்திராவில் பாபட்லா அருகே டிசம்பர் 5-இல் கரையேறியது; சென்னையை அது முக்கியெடுத்தது 3-ஆம், 4-ஆம் தேதிகளில். 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னைக்கே நேராக வந்தது, அடித்தது அன்றைய பகலில்.

இங்கே ஒரு கிளைக் கேள்வி. துறைமுகம் சொல்லாமலேயே கேப்டன் தானாகக் கிளம்பிப் போயிருந்தால்? அதற்கு அவசியம் இல்லாதிருந்தால் அது கப்பல்காரரின் செயல். அந்த நேரத்தை உங்கள் தலையில் கட்ட முடியாது. எனவே வெளியேறும் உத்தரவின் நகலை வாங்கி, தேதியும் மணியும் பாருங்கள்.

திரும்பி வந்து வரிசையில் நின்ற ஒரு நாள் ஓடும். புயலால்தான் நெரிசல் என்பது உண்மை. ஆனால் அன்று வானம் வேலையைத் தடுக்கவில்லை, முன்னால் நின்ற கப்பல்தான் தடுத்தது.

லாரி வராத நாள். மழை விட்டு வெயில் வந்த பிறகும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் முழங்கால் தண்ணீர் நிற்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம், நான் உங்களுக்கும் சொல்ல வேண்டாம். வெள்ளமும் வானிலையின் பிள்ளைதானே என்று கேட்பீர்கள். பிள்ளைதான், ஆனால் சட்டத்துக்குத் தூரத்துச் சொந்தம். 1884-இல் பிரபுக்கள் சபை பார்த்த ‘கிரான்ட் எதிர் கவர்டேல்’ வழக்கில் ஒப்பந்தத்திலேயே உறைபனிக்கு விலக்கு இருந்தது. கார்டிஃப் துறைக்கு இரும்பு கொண்டுவரும் கால்வாய் உறைந்துவிட்டது, கப்பலில் ஏற்ற முடியவில்லை. உறைபனி தடுத்தது சரக்கு துறைக்கு வருவதைத்தான், கப்பலில் ஏற்றுவதை அல்ல என்று சொல்லி விலக்கை மறுத்தார்கள். வண்டியில் கொண்டுவந்திருக்கலாம், செலவுதான் அதிகம். இதற்கு நேர் எதிரானது 1868-இன் ‘ஹட்ஸன் எதிர் ஈட்’ வழக்கு. டான்யூப் ஆற்று முகத்தில் சுலீனா என்ற துறை. அங்கே தானியம் சேர்த்துவைக்க இடமே கிடையாது, மேலாற்றிலிருந்து படகில் வந்தால்தான் உண்டு. ஆறு உறைந்தபோது விலக்கு கிடைத்தது.

சென்னை, கார்டிஃபா சுலீனாவா? துறைமுகத்துக்குள்ளேயே கொட்டிவைக்க ஷெட்டோ, தார்ப்பாய் மூடிய இடமோ கிடைத்திருக்கும் என்றால் கார்டிஃப்தான். எல்லா ஷெட்டும் நிரம்பிவிட்டது, கப்பலிலிருந்து நேராக லாரிக்குப் போவதைத் தவிர வேறு வழியே அன்று இல்லை என்று துறைமுகத்திடமிருந்து எழுத்தில் வாங்க முடிந்தால் ஒரு கை பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாததால் அந்த நாளை ஓடியதாகவே வைக்கிறேன்.

கடைசி அரை நாள் மழையை விற்றவர் கழிக்காதது தப்பு என்று நினைத்திருப்பீர்கள். தப்பில்லை. லேடைம் தீர்ந்து டெமரேஜ் தொடங்கிய பிறகு மழையும் புயலும் உங்களைக் காப்பாற்றாது. டெமரேஜ் ஓடும்போதும் விலக்கு உண்டு என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய, அது நிற்காமல் ஓடும். கெடுவை மீறியவர் கெடுவுக்குரிய சலுகையைக் கேட்க முடியாது என்பது தர்க்கம். 1960-களில் ‘ஸ்பல்மடோரி’ கப்பல் வழக்கில் இந்திய அரசே பிரபுக்கள் சபை வரை போய் இதில் தோற்றது. அங்கே காரணம் மழை இல்லை, வேலைநிறுத்தம். விதி ஒன்றுதான்.

இப்போது கூட்டுங்கள். 19 நாளில் நங்கூர மழை 2, பெர்த் மழை 1, புயலின்போது 2. ஆக 5 நாள் கழிந்தால் மீதம் 14. உங்கள் கெடு 11. டெமரேஜ் 3 நாள், 42,000 டாலர். அந்த 11 நாள் எங்கே முடிகிறது என்று பார்த்தால், லாரி வராத நாளோடு முடிகிறது. நங்கூர மழையை நிரூபிக்க முடியாமல் போனால் 5 நாள், 70,000 டாலர் ஆகிவிடும். இரண்டு நாள் மழைக்கான காகிதத்தின் விலை 28,000 டாலர் என்று முதலாளியிடம் சொன்னால், வேறொரு கப்பலின் எஸ்.ஓ.எஃப்.-ஐத் தேடி ஆள் அனுப்புவார்.

‘கடவுள் செயல்’ வாதத்துக்கு அதிகம் செலவிட மாட்டேன். ஃபோர்ஸ் மஜூர் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு, எழுதியிருக்கும் அளவுக்குத்தான் உண்டு. எழுதாதபோது நம் ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவைத் தேடிப் போக வேண்டும். காரியம் நடக்கவே முடியாமல் போனால்தான் அது கைகொடுக்கும். சிரமமும் செலவும் கூடியதற்கெல்லாம் அது பயன்படாது என்று 2017-இல் ‘எனர்ஜி வாட்ச்டாக்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. உங்கள் சரக்கு கடைசியில் இறங்கிவிட்டதே! அதோடு, நவம்பரில் சென்னையில் மழை பெய்வதை எதிர்பார்க்கவில்லை என்று எந்த நடுவர் முன்னாலும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு பில்லும் வரலாம், இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சரக்கு துறைமுக இடத்தில் இலவச நாட்களுக்கு மேல் கிடந்தால் துறைமுகமும் டெமரேஜ் என்ற பெயரிலேயே வசூலிக்கும். அது கப்பலுக்கானது அல்ல, தரைக்கானது. தாமதம் உங்கள் தவறே இல்லை என்றாலும் அதைக் கேட்கத் துறைமுகத்துக்கு உரிமை உண்டு என்று மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகம் தொடுத்த ‘அமீன்சந்த் பியாரேலால்’ வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அங்கே தள்ளுபடி வேண்டுமானால் துறைமுக நிர்வாகத்திடம் மனுப் போட வேண்டியதுதான்.

நனைந்த சரக்குக்கு வருகிறேன். கேப்டன் நோட்டரியிடம் பதிந்தது அவருடைய சொந்த வாக்குமூலம். அதை வைத்து அவர் தப்ப முடியாது, அதைப் பார்த்து நீங்கள் பயப்படவும் வேண்டாம். இங்கே ‘மோசமான வானிலை’ முற்றிலும் வேறு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: சரக்கு கெட்டது கடலாலா, கப்பலின் ஓட்டையாலா? நம் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1963-இன் அட்டவணையிலேயே, கடல் அபாயம் என்பது தற்செயலான விபத்துகளை மட்டும் குறிக்கும், காற்றும் அலையும் வழக்கமாகச் செய்வதைக் குறிக்காது என்று எழுதியிருக்கிறது. சரக்குக் கப்பல் விதிகளிலும் கடல் அபாயத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பயணம் தொடங்கும்போது கப்பலைக் கடலுக்குத் தகுந்ததாக வைத்திருக்க உரிய கவனம் எடுக்காதவருக்கு அந்த விலக்கு உதவாது.

எதிர்பார்த்த புயல் என்றால் விலக்கு போய்விடுமா என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. ‘புங்கா செரோஜா’ என்ற மலேசியக் கப்பல், கடுமைக்குப் பேர்போன ஆஸ்திரேலியப் பெருவளைகுடாவில் அடிபட்டு அலுமினியச் சுருள்கள் சேதமான வழக்கில், முன்கூட்டியே தெரிந்த வானிலையும் கடல் அபாயம் ஆகலாம் என்று 1998-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் அந்தக் கப்பலுக்கு அவ்வளவு எளிதாக விடுதலை கிடைத்திருக்காது. உங்கள் பில் ஆஃப் லேடிங்கில் எந்த நாட்டுச் சட்டம் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதைவிட அவசரமானது ஹேட்ச் மூடி. ஒரே ஹோல்டில், அதுவும் மூடி சேருமிடத்துக்குக் கீழே கோடாகக் கட்டிதட்டியிருந்தால் ரப்பர் சீல் போய்விட்டது என்று சர்வேயர் பார்த்த உடனே சொல்வார். கப்பல் போகுமுன் ஒலியலைச் சோதனையோ தண்ணீர் பீய்ச்சும் சோதனையோ செய்திருந்தால் அந்த அறிக்கை உங்கள் பக்கம் பேசும். கடல் நீரா மழை நீரா என்று அறிய வழக்கமாக வெள்ளி நைட்ரேட் சொட்டுவிடுவார்கள், உப்பு இருந்தால் பால்போல வெளுக்கும். உங்கள் சரக்குக்கு அந்தச் சோதனை உதவாது. நீங்கள் இறக்கிய பொட்டாஷ் மியூரேட் என்றால் அதுவே குளோரைடு, நல்ல தண்ணீர் பட்டாலும் வெளுக்கும். யாராவது அப்படி ஓர் அறிக்கையைக் கொண்டுவந்து கடல் நீர்தான் என்று காட்டினால் ஏற்காதீர்கள். சோடியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். காப்பீடு இருந்தால் இன்றே தகவல் கொடுங்கள். டெமரேஜையும் அதே பாலிசியில் கேட்கலாமா என்று நினைக்க வேண்டாம். தாமதத்தால் வரும் நஷ்டத்தைக் காப்பீடு ஏற்காது, காரணம் புயலாகவே இருந்தாலும்.

அடுத்த ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வாசகம் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘வானிலை எச்சரிக்கையால் துறைமுகம் கப்பலைப் பெர்த்திலிருந்து வெளியேற்றினால், வெளியேறியது முதல் மீண்டும் பெர்த்தில் கட்டும் வரை உள்ள நேரம் லேடைமிலும் டெமரேஜிலும் சேராது.’ அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்கோ எண்ணூருக்கோ சரக்கு வாங்குபவர் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. விற்பவர் டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம். கேட்டால் அப்போது பேரம் பேசிக்கொள்ளுங்கள். எஸ்.ஓ.எஃப்.-இல் கையெழுத்திடும் உங்கள் ஆளிடமும் சொல்லிவையுங்கள்: ‘மழை’ என்று மொட்டையாக எழுதியதை ஏற்க வேண்டாம், எந்த ஹேட்ச், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதவைக்கட்டும். மழை விட்டபின் மூடியைத் துடைத்து உலர்த்தித் திறக்கப் பிடித்த நேரத்தையும் தனியாகக் குறிக்கட்டும். ஒப்பாதது இருந்தால் ‘ஆட்சேபத்துடன்’ என்று எழுதிக் கையெழுத்திடட்டும்.

இப்போதைக்கு, ஒப்பந்தத்தில் நடுவர் மன்றம் போக என்ன கெடு வைத்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். பிறகு உங்கள் கணக்கையும் மழைப் பதிவுகளையும் சேர்த்து விற்றவருக்குப் பதில் அனுப்புங்கள். 42,000-க்கு அவர் சம்மதித்தால் கட்டிவிடுங்கள். 50,000-க்குள் முடித்தாலும் நஷ்டமில்லை. லண்டன் வக்கீல் செலவு அதைத் தாண்டிவிடும்.